பையில் தைத்த பெயர்

போன மார்கழியில் ஒரு காலை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெண் அண்ணாந்து நின்று கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதுகில் ஒரு நீலப் பை. என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துவந்த என் மாமியார், சட்டென்று கையை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் போனார். பையின் அடிப்பாகத்தைத் தூக்கித் திருப்பி, தையலை விரலால் தடவ ஆரம்பித்துவிட்டார். அந்தப் பெண் பதறித் திரும்பினாள். நான் ஓடிப்போய் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். மாமியாருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. "நம்ம பைதான் புள்ள. இங்க பாரு, டபுள் ஸ்டிச். ஆனா எவளோ ஒருத்தி நூல் பிசிற ஒழுங்கா வெட்டல" என்றார். பிறகு தன் நெஞ்சைத் தட்டிக்காட்டி, "மீ, மீ, செக்கிங்" என்று அவளிடம் சொன்னார்.

விஷயம் புரிந்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது மாமியார் என்னை இடித்து, "இவகிட்ட ஒண்ணு சொல்லு. அடுத்த தடவ பை வாங்குறப்ப, இதச் செஞ்சவங்க உக்காந்து செஞ்சாங்களா, நின்னுகிட்டே செஞ்சாங்களான்னு கடையில கேக்கச் சொல்லு" என்றார். நான் சொன்னேன். அவள் ஏதோ வேடிக்கையான ஊர் வழக்கம் என்று நினைத்திருக்க வேண்டும், சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அது வேடிக்கை இல்லை என்பதை நடுத்தெருவில் நின்று எப்படி விளக்குவது? அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

காட்டூரில் எங்கள் வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது என் கணவர் கைலாசபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்தார். மாமியார் தஞ்சாவூர் ரோட்டில் இருந்த ஒரு பை தைக்கும் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிட்டேன். நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த சில நாளில் எங்கள் செக்கிங் பகுதி முழுக்க அவரை அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. மாமியாரும் மருமகளும் ஒரே மேஜையில் எதிரும் புதிருமாக நின்று வேலை பார்ப்பதைப் பார்க்க மற்றப் பெண்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. சண்டை வரும் வரும் என்று காத்திருந்தார்கள். வந்ததெல்லாம் வேறொரு சண்டை.

அங்கே தைக்கிறவர்களுக்கு மட்டும்தான் இருக்கை. தைத்து வரும் பையைத் திருப்பிப் பார்த்து, பிசிறு வெட்டி, ஜிப்பை இழுத்துச் சரிபார்க்கிற எங்களுக்கும், மடித்துப் பெட்டியில் வைக்கிறவர்களுக்கும் ஷிஃப்ட் முழுக்க நிற்பதுதான் விதி. உட்கார்ந்தால் தூக்கம் வரும், வேலை குறையும் என்பார்கள். பாத்ரூம் போக ஒரு மேஜைக்கு ஒரு பிளாஸ்டிக் டோக்கன். ஒருத்தி போய்த் திரும்பி டோக்கனை ஆணியில் மாட்டினால்தான் அடுத்தவள் போகலாம். அதனால் பெரும்பாலும் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு வராத பெண் அந்தப் பகுதியில் கிடையாது. அதைப் பற்றி வாய்விட்டுப் பேசியவர் அத்தை ஒருவர்தான். டோக்கனை ஒரு விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே, "மகாராணி புறப்பட்டாச்சு, வழி விடுங்க" என்று சொல்லிக்கொண்டு போவார். நாங்கள் சிரிப்போம். சிரித்தால்தான் நிற்க முடிந்தது.

எதைக் கேட்டாலும் ஃப்ளோர் மேனேஜர் ஒரே பதில்தான் சொல்வார்: "பையர் ஒத்துக்க மாட்டான்மா." மின்விசிறி வேண்டுமென்றால் பையர் ஒத்துக்கொள்ள மாட்டான். டீ வேளையைக் கொஞ்சம் நீட்டச் சொன்னாலும் பையர்தான். நாங்கள் செய்யும் பைகளை மொத்தமாக வாங்கி, உலகமெங்கும் தன் கடைகளில் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியைத்தான் அவர் அப்படிச் சொல்வார். எங்களில் யாரும் அந்தப் பையரைப் பார்த்ததில்லை. அத்தை அவனை ஒரு ஆளாகவே கற்பனை செய்துவைத்திருந்தார். வீட்டில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே, "ஏ புள்ள, அந்த பையருக்குப் பொண்டாட்டி, அக்கா, தங்கச்சி யாரும் இருக்க மாட்டாங்களா? அவுங்களும் நின்னுகிட்டேதான் இருப்பாங்களா?" என்பார்.

நான் கர்ப்பமானேன். ஆறாவது மாதத்தில் பாதங்கள் வீங்கி, செருப்பு ஏறவில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளைக்குக் கொஞ்சம் முன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. என் நல்ல நேரம், பின்னால் மடித்துப் போட்டிருந்த பைகளின் குவியல்மேல் போய் விழுந்தேன். கண் விழித்தபோது அத்தையின் மடியில் தலை. சுற்றிலும் பையரின் பெயர் தைத்த பைகள். இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார்கள். தொடர்ந்து நிற்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் அத்தை மேனேஜரிடம் போனார். நானும் கூட இருந்தேன்.

"சார், இந்தப் புள்ளைக்கு மட்டுமாச்சும் ஒரு ஸ்டூல் குடுங்க சார்."

"ஒருத்திக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டுமே சார். எல்லாருக்கும் காலு இருக்குல்ல."

"பையர் ஒத்துக்க மாட்டான்மா."

"அப்ப நான் பையர்கிட்டயே கேட்டுக்கறேன் சார்" என்றார் அத்தை. மேனேஜர் சிரித்தார். கேலியாகச் சிரித்தாரா, அலுத்துப்போய்ச் சிரித்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. அவரும் மாதச் சம்பளக்காரர்தான்.

அதற்குப் பிறகு அதிக நாள் ஆகவில்லை. பையர் வரப்போகிறார் என்று அறிவித்தார்கள். ஃபேக்டரி கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். பாத்ரூமில் சோப்பு வந்தது, வாளிக்குப் புது மக் வந்தது. ஆணியும் டோக்கனும் காணாமல் போயின. கல்யாணம்தான் என்று உறுதி செய்கிற மாதிரி, காலையில் ஒரு வேன் நிறையச் சிவப்புப் பிளாஸ்டிக் சேர்கள் வந்து இறங்கின. அத்தை ஒரு சேரைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். முதுகுப் பக்கத்தில் வெள்ளைப் பெயின்டில் எங்கள் காட்டூர் பந்தல் கடையின் பெயர். "உன் கல்யாணத்துக்கு வந்த சேருடி இது!" என்று அத்தை சொல்லவும் மேஜையே குலுங்கிச் சிரித்தது.

உட்கார்ந்ததும்தான் அடுத்த வேடிக்கை தெரிந்தது. மேஜைகள் நின்று வேலை பார்க்கும் உயரத்தில் போட்டவை. பந்தல் சேரில் உட்கார்ந்தால் மேஜை விளிம்பு மோவாயை இடித்தது. வரிசையாகத் தலைகள் மட்டும் மேஜைமேல் வைத்த மாதிரி இருந்தோம். அந்தக் கோலத்தில்தான் பையர் எங்களைப் பார்த்தார். அத்தை எதிர்பார்த்த ஆள் இல்லை; மெலிந்த, நரைத்த முடியைக் கத்தரித்துவிட்டிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாள், கூட இரண்டு பேர். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் அந்த அம்மாள் நின்றார். மேஜையைப் பார்த்தார், சேரைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஹெச்.ஆர். மேடம் எதையோ ஆங்கிலத்தில் சொல்லி அழைத்துப் போய்விட்டார். அத்தை எழுந்து பின்னால் போகப் பார்த்தார்; மேனேஜர் கையை விரித்து மறித்துக்கொண்டார்.

கார்கள் கேட்டைத் தாண்டிய கையோடு பந்தல் கடை வேன் திரும்பி வந்தது. ஷிஃப்ட் முடிய இன்னும் நேரமிருந்தது. "எல்லாரும் எந்திரிங்க, சேர ஏத்தணும்" என்றார் மேனேஜர். அத்தை எழுந்திருக்கவில்லை. மோவாய் உயரத்து மேஜையில் ஒரு பையைத் திருப்பிப் பிசிறு வெட்டிக்கொண்டே, "காலையில உக்காரச் சொன்னீங்க, உக்காந்தோம். பையரும் பாத்துட்டுத்தானே போனாங்க? வேணாம்னு சொல்லலியே" என்றார். பக்கத்தில் இருந்தவள் எழப்போனவள் உட்கார்ந்துவிட்டாள். பேக்கிங் பெண்களும் அப்படியே இருந்தார்கள். நானும் எழவில்லை.

இதில் நடுவில் மாட்டிக்கொண்டவர் பந்தல் கடை வேன்காரர். அவர் அத்தையிடம் வந்து, "அக்கா, நாளைக்கு உறையூர்ல ஒரு காதுகுத்து. இந்த சேரத்தான் அங்க சொல்லியிருக்கோம்" என்று கெஞ்சினார். அத்தை யோசித்தார். காதுகுத்துக்கு வருகிறவர்கள் நிற்பதா? அது எந்த ஊர் நியாயம்? "தம்பி சொல்றது சரி. குடுத்துடுங்கடி" என்று எழுந்தார். நாங்கள் எல்லோருமே எழுந்து, சேர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேனில் ஏற்றிக் கொடுத்தோம். மேனேஜரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வேன் கிளம்பியதும் நாங்கள் உள்ளே வந்து, அவரவர் மேஜைக்கு முன்னால் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அத்தை ஒரு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். மேனேஜர் கத்திப் பார்த்தார், கும்பிட்டும் பார்த்தார். ஷிஃப்ட் மணி அடிக்கும்வரை அந்தப் பகுதியில் ஒருத்தியும் நிற்கவில்லை.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அத்தையை ஏற்றிக்கொண்டார்கள். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. நான் அவரோடு திரும்பிவிட்டேன். அப்படியே பிரசவ விடுப்பும் எடுத்துக்கொண்டேன். வீட்டில் அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை, எப்போதும் போலப் பாட்டும் பேச்சுமாகத்தான் இருந்தார். ஆனால் ஒருநாள் மத்தியானம் அவர் அடுப்படியில் நின்றுகொண்டே வெண்டைக்காய் நறுக்குவதைப் பார்த்தேன். பக்கத்திலேயே முக்காலி இருந்தது. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு, அந்தக் காலிலிருந்து இந்தக் காலுக்கு, செக்கிங் மேஜையில் மாற்றுகிற மாதிரியே உடம்பை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். "உட்காருங்க அத்தை" என்றேன். "அட, மறந்தே போயிட்டேன் பாரு" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

கணவரின் பட்டறையில் இருந்த சங்கத்தார் ஸ்ரீரங்கத்தில் ஒரு வக்கீலைச் சொன்னார்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டிப் போய்ப் பார்த்தோம். சித்திரை வீதியில் மாடியறை, நெற்றியில் பளிச்சென்று திருமண், மேஜைமேல் ஒரு செம்பில் தீர்த்தம். இவர் எங்கே ஃபேக்டரிச் சண்டைக்கு என்று நான் நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "நிக்கறதுக்கு நாங்க ஒரு புண்ணியம் கட்டி வெச்சிருக்கோம், பெருமாளைச் சேவிக்கறச்சே நிப்போம். உங்களை நிக்க வெச்சவாளுக்கு என்ன புண்ணியம்? விட மாட்டேன், பெருமாள் பாத்துப்பார்" என்றார். அத்தைக்கு அவரை அப்போதே பிடித்துப்போயிற்று.

வக்கீல் சார் ஃபேக்டரிமேல் இங்கே வழக்குப் போட்டார். அதோடு, பையரின் நாட்டில் தொழிலாளர்களுக்காகப் பேசுகிற ஒரு அமைப்பு மூலமாக அந்தக் கம்பெனிக்கும் புகார் அனுப்பினார். பதில் வந்தது: அந்த ஆலை எங்களுடையது அல்ல, நாங்கள் அங்கே பொருள் வாங்குபவர்கள் மட்டுமே. வக்கீல் சார் அதைப் படித்துக்காட்டியபோது அத்தை என்ன சொன்னார் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "பையில யார் பேர சார் தெக்கிறோம்? மேனேஜர் பேரா, என் பேரா? அவன் பேர்தானே? பேரு அவனோடதுன்னா பொறுப்பும் அவனோடதுதான்." வக்கீல் சார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதையே நான் பத்துப் பக்கத்துக்கு எழுதியிருக்கேன்மா" என்றார். அடுத்த மடலில் பத்துப் பக்கம் இல்லை. அத்தை சொன்னது மட்டும் போயிற்று. அந்த அமைப்பினர் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, பை விற்கிற கடைகளின் வாசலில் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். பேச வருகிறோம் என்று கம்பெனி சொன்னது அதற்கப்புறம்தான்.

இதற்குள் எனக்குப் பெண் பிறந்திருந்தாள். இன்னொரு பக்கம், எங்களோடு வேலை பார்த்தவர்களிடமே பயம் பரவியிருந்தது. பேக்கிங்கில் இருந்த ஒரு அக்கா வீட்டுக்கே வந்து, "அத்தை, பையர் கோவிச்சுக்கிட்டு ஆர்டர நிறுத்திட்டா எங்க கதி என்ன? நின்னுகிட்டாச்சும் சோறு திங்கிறோம்ல" என்று அழுதுவிட்டுப் போனார். அத்தை வாசல்வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்து, "வழக்க நிறுத்திடலாமா புள்ள?" என்று என்னைக் கேட்டார். அவர் தயங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

ஒரு சாயங்காலம் வக்கீல் சாரின் மாடியறையில் வீடியோவில் பேச்சு. நானும் கைக்குழந்தையோடு போயிருந்தேன். திரையில் கோட்டுப் போட்ட ஒருவரும், அன்றைக்கு வந்திருந்த நரைமுடி அம்மாளும். வக்கீல் சார்தான் மொழிபெயர்த்தார். நடுவில் கோயிலிலிருந்து நாகஸ்வரம் கேட்க, அது என்ன என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டார். வக்கீல் சார் வழக்கை மறந்து, பெருமாள் புறப்பாட்டைப் பற்றி வெகு உற்சாகமாக விளக்க ஆரம்பித்தார். "சார், நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலியே, என்ன இவ்வளவு நீளமாப் பேசறீங்க?" என்று அத்தை சந்தேகத்தோடு கேட்டதும்தான் திரும்பி வந்தார்.

அத்தை எல்லாவற்றையும் சொன்னார். டோக்கனை, தண்ணீர் குடிக்காததை, நான் விழுந்ததை, வாடகை சேரை. கோட்டுக்காரர் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் நிமிர்ந்து சொன்னார்: இதெல்லாம் உண்மையென்று தெரிந்தால், எங்கள் கொள்கைப்படி அந்த ஆலையிடம் வாங்குவதை உடனே நிறுத்திவிடுவோம். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். வக்கீல் சார் அதைத் தமிழில் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கு அந்தப் பேக்கிங் அக்காவின் முகம் வந்து நின்றது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

குழந்தை அப்போது அத்தையின் மடியில் இருந்தாள். அந்த நேரம் பார்த்து அவள் தன் வேலையை முடித்துவிட்டாள். அத்தையின் புடவையில் ஈரம் பரவியது. வாங்கிக்கொள்ள நான் கையை நீட்டினேன். அத்தை கொடுக்கவில்லை. குழந்தையைத் தூக்கி, நனைந்த மடியைத் திரைக்கு நேராகக் காட்டினார்.

"சார், அவருகிட்ட சொல்லுங்க. இதோ பேத்தி மடிய நனைச்சிட்டா. அதுக்குன்னு நான் இவள இங்கயே போட்டுட்டுப் போயிடுவேனா? புடவையத் தொவைச்சுக் கட்டிப்பேன். நீங்க போயிடக் கூடாது. அங்க இருக்கற அழுக்குல உங்க பங்கும் இருக்கு. இருந்து தொவைச்சுக் குடுங்க."

வக்கீல் சார் இந்த முறை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தார் என்று நினைக்கிறேன். நரைமுடி அம்மாள் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அன்றைக்கு மேஜையின் உயரமும் சேரின் உயரமும் பொருந்தவில்லை என்று கவனித்தேன், கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் போய்விட்டேன் என்றார். அதைக் கேட்ட அத்தை, "பரவால்ல, இப்பக் கேட்டாங்கல்ல. சாப்பிட்டாங்களான்னு கேளுங்க சார்" என்றார்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. இழுத்தார்கள், மழுப்பினார்கள், ஃபேக்டரி முதலாளி ஒருமுறை கோபித்துக்கொண்டு எழுந்தே போனாராம். ஆனால் பையர் போகவில்லை. விலை பேசும்போது எங்கள் இருக்கையின் செலவையும் சேர்த்துப் பேச வேண்டியதாயிற்று. கடைசியில் ஃபேக்டரி, பையர், எங்கள் பக்கம் நின்ற சங்கம் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மேஜை உயரத்துக்குத் தகுந்த, முதுகு சாய்ந்துகொள்ளும் ஸ்டூல்கள் வந்தன. டோக்கன் ஒழிந்தது. குறை கேட்க, நாங்களே தேர்ந்தெடுத்த பெண்கள் கொண்ட கமிட்டி ஒன்று அமைந்தது. அத்தையை வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது.

இன்றைக்கு நான் அந்தக் கமிட்டியில் இருக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். புதிதாக ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் இப்போது மேனேஜர் "பையர் ஒத்துக்க மாட்டான்" என்று சொல்வதில்லை. சொன்னால் நாங்கள் பையரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று தெரியும். சமீபத்தில் சேர்ந்த பெண்களுக்கு நின்றுகொண்டே வேலை பார்த்த கதையைச் சொன்னால் நம்ப முடியாமல் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அத்தை வேலைக்குத் திரும்பி வந்த நாள் ஒரு திங்கட்கிழமை. நான் அதற்கு முன்பே சேர்ந்துவிட்டேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஜீயபுரத்திலிருந்து என் அம்மா வந்திருந்தார். செக்யூரிட்டி முதல் நாளே மன்னிப்புக் கேட்டுச் சொல்லி அனுப்பியிருந்தார். மேனேஜரே கேட்டுக்குப் போய் அழைத்துவந்தார். அத்தை அரக்குப் பட்டில், கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்தார். அவரை வாசலில் பார்த்ததுதான் தாமதம், யாரும் சொல்லாமலே செக்கிங், பேக்கிங், தையல் என்று மொத்தப் பகுதியும் சடசடவென்று எழுந்து நின்றது. அழுதுவிட்டுப் போன பேக்கிங் அக்காதான் முதலில் எழுந்தவர். நானும் எழுந்து நின்றேன்.

அத்தை ஒரு நொடி திகைத்து, எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஃபேக்டரியே கேட்கக் கத்தினார்:

"அடிப் பாவிகளா, இதுக்காடி இம்புட்டுப் பாடுபட்டேன்? உக்காருங்கடி!"